புல்லுக்கு டைம் டேபிள் போட்ட என் சகலை

எட்டு வருஷமாக என் மனதில் ஒரு குறை கிடக்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதனால் எழுதியே விடுகிறேன்.

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என் கடையிலிருந்து போன ஆறு மூட்டை மாட்டுத் தீவனத்தை எனக்கே திருப்பிக் கொண்டுவந்தார். திருப்பியதுகூடப் பரவாயில்லை. கடையில் கூட்டம் நெருக்குகிற நேரமாகப் பார்த்து, தள்ளுவண்டியில் ஏற்றி, தெருமுனையிலிருந்தே விசில் ஊதிக்கொண்டு வந்தார். ஊதின ஊதலில் ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி என் கல்லாவுக்கு நேர் எதிரே வரிசை கட்டி நிறுத்தினார். கடைசி மூட்டையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. “வந்த நேரம் காலை 10.40. வாய் பிரிக்கவில்லை.”

“என்ன சகல இது?” என்றேன்.

“மாடு வேணாங்குது.”

“மாடு வாயத் திறந்து சொல்லுச்சா?”

“அதுங்க சார்பா நான் சொல்றேன்.”

கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அப்போது கடையில் நின்றார். என்னுடைய பழைய வாடிக்கை. அவர், “அண்ணே, எதுக்கும் நானும் ஒரு தடவை வீட்டுல கோழிங்களக் கேட்டுட்டு வந்துடறேன்” என்றார். கடையே வெடித்துச் சிரித்தது. என் எடைத்தராசு சிரிக்காததுதான் மிச்சம்.

அன்றைக்கு என் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. இன்றுவரை அவர் என்னிடம் “தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதுதான் என் குறை. சொல்லிவிட்டேன். இனி ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஆறடிக்கு நாலடியில் ஒரு பெட்டி, முன்னால் கம்பி வலை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு சுவர்க் கடிகாரம், நூல் கட்டிய பேனா, ஒரு நீள நோட்டு. எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுத வேண்டும். நேரமானால் விசில். டிரைவர் கையில் பாதி டீ இருந்தாலும் அதோடு ஓட வேண்டியதுதான். அவர் இருந்த காலத்தில் அந்த ஸ்டாண்டில் ஒரு டிரைவர்கூட முழு டீ குடித்ததில்லை என்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்குகிற நேரம் தெரிந்து அடுப்புக்கு முன்னால் போய் நிற்பார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்து வாசலில் நின்று, வாட்சைப் பார்த்து, சரியான நேரத்துக்குக் கதவைத் தட்டுவார். என் மனைவி குழம்பைத் தாளித்துக்கொண்டே, “தட்டறதுக்குள்ள அப்பளம் பொரிச்சுடணும்” என்று ஓடுவாள். 

பத்தொன்பது வருஷம் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தார். பிறகு பஸ் முதலாளிகள் எல்லா வண்டியிலும் ஒரு மிஷினைப் பொருத்தினார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. மனுஷன் விசிலையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வீடு வந்தார்.

“விசில் சரி, ஸ்டூல் எதுக்கு?” என்று கேட்டேன்.

“வேற ஆள் உக்காந்தா ஆடும் சகல. அது எனக்கு மட்டும்தான் அடங்கும்” என்றார்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஒரு மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பெண்டாட்டி வேலை செய்வதைப் பார்த்தார். பார்க்கிற ஆளுக்கே இடுப்பு வலிக்கிற வேலை அது.

என் கொழுந்தியாளிடம் ஒன்பது கறவை மாடுகள். வீட்டின் பின்புறம் தகரம் வேய்ந்த தொழுவம். அதற்குப் பின்னால் சரிவில் ஆறு ஏக்கர் நிலம், அப்பன் வழியில் வந்தது. ஆனால் மாடுகள் நாள் முழுக்கத் தொழுவத்திலேயே கட்டிக் கிடந்தன. அவள் புல் அறுத்துத் தூக்கி வருவாள், தீவனம் ஊற வைப்பாள், சாணி அள்ளுவாள், மடி கழுவுவாள், கறப்பாள், மறுபடியும் சாணி. எப்போதாவது மாடுகளைச் சரிவில் அவிழ்த்துவிட்டால், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல புல்லை வேரோடு மொட்டையடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். மேல்பக்கம் முழுக்க முள்ளும் கோரையுமாகக் கிடந்தது.

ஒரு நாள் அவள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அத்தான், மாட்டயெல்லாம் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா? நல்லாத்தானே கறக்குது?”

“நல்லாத்தான் கறக்குது. அறுபத்தெட்டு லிட்டர். ஆனா நான் வளக்கறது மாட்ட இல்ல, ஒங்க கடைய.”

டீ எனக்குப் புரை ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் இல்லை அது, கத்தரிக்காய். அந்த ஒன்பதில் மூத்த மாட்டுக்கு ‘மேனேஜர்’ என்று பேர். எப்போதும் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். தாய் செத்துப்போன கன்று அது. இவள் பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்தாள். அதை வியாபாரி வண்டியில் ஏற்றுவது என்றால் சும்மாவா?

மூலையில் ஸ்டூலில் இருந்த சகலை வாட்சைப் பார்த்தார். ஏதோ அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தவர் மாதிரி சொன்னார்: “ஒரு வருஷம் என் கையில விடு.”

“ஒங்களுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்?”

“மாட்டப் பத்தித் தெரியாது. வரிசையா அனுப்பத் தெரியும்.”

பால் சங்கத்தில் நடந்த ஒரு நாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். நாலு பக்கத் தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் இரண்டு நாள் மேயவிட்டு, அடுத்த துண்டுக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். மேய்ந்த துண்டு ஓய்வெடுத்துத் தழையும். மாடு நடக்கிற இடமெல்லாம் தானே சாணி போடும், தானே உரமாகும். அள்ள வேண்டாம், அறுக்க வேண்டாம், தீவனமும் அநேகமாக வேண்டாம். பால் கொஞ்சம் குறையும், செலவு அதைவிட நிறையக் குறையும். இதுதான் அந்தத் தாளில் இருந்த சங்கதி. மனுஷன் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

கொழுந்தியாள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “சரி. மழை ஆரம்பிச்சிருக்கு. அடுத்த மழை ஆரம்பிக்கற வரைக்கும் ஒரு வருஷம், நாள் குறிச்சு வெச்சுக்கறேன். ஆனா தீவன மூட்டை ஒண்ணுகூட இந்த வாசப்படி ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா ஒங்களால முடியலன்னு அர்த்தம். மறுநாளே வியாபாரி வண்டி வந்து நிக்கும். ஒங்களுக்குப் பொழுது போகணும்னு என் மாட்டப் பட்டினி போட மாட்டேன்.”

“ஏறாது” என்றார்.

என் கடைப் பையன்கள் வழக்கம்போல மறுநாள் ஆறு மூட்டையைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார்கள். அதற்குத்தான் அந்தத் தள்ளுவண்டியும் விசிலும்.

சரிவை அவர் பன்னிரண்டாகப் பிரித்தார். ஒற்றைக் கம்பி, வெயிலில் சார்ஜ் ஏறுகிற ஒரு பெட்டி, நட்டுப் பிடுங்குகிற இரும்புக் குச்சிகள். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாட்டில் அறுத்துத் தொட்டி செய்தார். கம்பியில் கரண்டு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்து அப்படியே குந்திவிட்டார். மேனேஜர் மூக்கை ஒரு தடவை வைத்தது, அதோடு கம்பிக்கு மரியாதை. என் சகலை மூன்று தடவை வைத்தார் என்று கொழுந்தியாள் ஊர் முழுக்கச் சொன்னாள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தகரப் பலகை. பஸ் ஸ்டாப்பில் இருக்குமே, அதே மாதிரி மஞ்சள் அடித்துக் கறுப்பில் நம்பர். ஒன்றாவது ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், பன்னிரண்டு வரைக்கும். தொழுவத்துச் சுவரில் ஒரு பெரிய டைம் டேபிள் ஒட்டினார். ஸ்டாப்புக்கு இரண்டு நாள், இருபத்து நாலு நாளில் ஒரு சுற்று. காலை ஏழேகாலுக்கு விசில். கயிற்றுக் கேட்டை அவிழ்ப்பார். மேனேஜர் முன்னால், மற்ற எட்டும் பின்னால்.

முதல் மூன்று நாள் மாடுகள் புல்லைத் தொடவில்லை. தீவன வாளிக்காகத் தொழுவத்துப் பக்கம் திரும்பி நின்று கத்தின. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வேன் சத்தம் கேட்டால் மாடுகளுக்குத் தீவன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. ஆனாலும் தினமும் இரண்டு தடவை ஹார்ன் அடித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போனேன்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்து, “மாட்டோட மல்லுக்கு நிக்கற ஒரே ஆம்பள நீங்கதான்” என்றாள்.

நாலாம் நாள் மாடுகள் தலையைக் குனிந்தன. பிறகு நிமிரவே இல்லை.

அந்த மழைக்காலம் அவருடையது. நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்டாப்பில் இரண்டு நாள் மேய்ந்து நகர்ந்தால், திரும்பி வருவதற்குள் புல் முழங்காலுக்கு நிற்கும். முள் இருந்த மேல்பக்கம்கூட மாடுகள் மிதித்து, சாணி போட்டு, புல் பிடித்துக்கொண்டது. பால் ஐம்பத்திரண்டு லிட்டருக்கு இறங்கியது, ஆனால் அங்கேயே நின்றது. மாடுகளின் தோல் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. மாட்டு டாக்டர் வந்து போவது நின்றது. கொழுந்தியாள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்து நடந்ததை நான் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் அவள் தூங்கினாள்! பகலில்! என் மனைவி போன் போட்டு, ஒடம்புக்கு ஏதாவதா என்று பதறிப்போய்க் கேட்டாள்.

அவர் மாதம் ஒரு தடவை என் கடைக்கு வருவார். மாடு நக்குகிற உப்புக்கட்டி ஒன்றே ஒன்று வாங்குவார். அவ்வளவுதான். வாங்கிவிட்டு, அடுக்கி வைத்த மூட்டைகளை ஒரு பார்வை பார்த்து, “நல்லா அடுக்கியிருக்கீங்க” என்பார். எனக்கு உச்சந்தலையில் ஏறும்.

பிறகு வெயில் வந்தது.

டைம் டேபிள் மாறவில்லை. ஏழேகாலுக்கு விசில், இரண்டு நாளைக்கு ஒரு ஸ்டாப். ஆனால் காய்ந்த மண்ணில் இருபத்திரண்டு நாளில் புல் ஒரு விரல் அளவுதான் எழும்பியிருந்தது. மாடுகள் சரியான நேரத்துக்கு உள்ளே போய் அந்த ஒரு விரலையும் கடித்தன. அடுத்த சுற்றில் அரை விரல். அதற்கடுத்த சுற்றில் மண் தெரிந்தது.

“புல்லு எங்க?” என்று கேட்டாள் கொழுந்தியாள்.

“நாம டைமுக்குத்தான் போறோம்.”

“டைமையா மேயும்?”

பத்தொன்பது வருஷம் வண்டி லேட்டாக வந்துதான் அவருக்குத் தொல்லை. டைமுக்கு வந்து தொல்லை என்பதை அவர் பார்த்ததே இல்லை. பால் இருபத்து நாலு லிட்டருக்கு வந்துவிட்டது. மாட்டு வியாபாரிக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ, ஒரு நாள் வந்து நின்றார். மேனேஜரின் விலா எலும்பை விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணினார். “மழைக்கு முன்னாடி குடுத்துடும்மா. இன்னும் இளைச்சா என்னாலயும் எடுத்துக்க முடியாது” என்றார்.

“வருஷம் முடிய இருபத்தோரு நாள் இருக்கு. அன்னிக்கு வண்டியோட வாங்க” என்றாள் கொழுந்தியாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லையாம்.

அதற்கு மறுநாள் மத்தியானம். சாப்பாட்டு நேரம், கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். என் சகலை அதற்கடியில் குனிந்து உள்ளே வந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. அந்த ஆளை அப்படி நான் பார்த்ததில்லை.

“சகல, ஒரு மூட்டை.”

பதினோரு மாதத்துக்கும் மேலாக நான் காத்திருந்த வார்த்தை. எனக்கு எதிரே கூரை வரைக்கும் மூட்டை. பக்கத்தில் மூட்டை. நான் சாய்ந்திருந்ததும் மூட்டையின் மேல்தான்.

“ஸ்டாக் இல்ல” என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். “அது என்ன?”

“அது ஆர்டர்.”

“இந்தப் பக்கம் இருக்கறது?”

“அதுவும் ஆர்டர்தான்.”

“நீங்க சாஞ்சிருக்கீங்களே, அது?”

“இது என் முதுகு வலிக்கு.”

“பின் கேட்டு வழியா எடுத்துட்டுப் போறேன் சகல. வாசப்படி ஏறாது.”

“ஏறாம இருக்கலாம். மேனேஜர் வாயில வாசன வரும். அவளுக்குத் தெரியாதா? ஊட்டி வளத்தவ.”

என்னை ரொம்ப நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கோபத்தில் ஒரு பங்கு அதில் இருந்தது. ஆனால் அந்த மூட்டையை நான் தூக்கிக் கொடுத்தால், அதோடு அந்த ஒன்பது மாட்டையும் நானே வியாபாரி வண்டியில் தூக்கி ஏற்றின மாதிரி. அது என்னால் ஆகாது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன்.

“எங்க தப்புன்னே தெரியல சகல. ஒரு நாள்கூட லேட் ஆகல.”

எனக்கு எரிச்சல். “எப்பப் பாரு லேட்டு, டைமு. ஒங்க ஸ்டாண்டுல வண்டிங்க ராப்பகலா ஓடிட்டேவா இருக்கும்? டிப்போவுக்குப் போகாதா?”

“போகாம? சர்வீஸுக்குப் போகும்.”

“எத்தன நாள் நிக்கும்?”

“அதுக்குக் கணக்கு கிடையாது. சின்ன வேலைன்னா ஒரு நாள், இன்ஜின் வேலைன்னா ஒரு வாரம். வேலை முடிஞ்சாத்தான் வெளிய...”

டம்ளர் பாதி வழியில் நின்றது. டிரைவர்களுக்கு அவர் செய்ததை அன்றைக்கு அவருக்கே நான் செய்துவிட்டேன். முழு டீ இறங்கவில்லை.

“சகல,” என்றார் மெதுவாக, “நான் மாட்ட பஸ்ஸுன்னு நெனச்சுட்டேன். புல்லுதான் பஸ்ஸு. மாடு வெறும் பாசஞ்சர். பாசஞ்சர் கியூவுல நிக்கறாங்கன்னு இன்ஜினக் கழட்டிப் போட்ட வண்டிய ரோட்டுக்கு எடுத்துட்டேன்.”

“புரிஞ்சுதுல்ல, நல்லது. இப்ப பாசஞ்சர எங்க நிறுத்தி வைப்பீங்க?”

அவர் என் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் என்னுடைய மூன்று ஏக்கர். குடோன் கட்டலாம் என்று வாங்கிப் போட்டது. ஏழு வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறேன், மனதுக்குள். இடுப்பளவுக்குப் புல் மண்டி, மேலே பழுத்து, அடியில் பச்சையாக நின்றது. சாக்கடை ஓரமாக இன்னும் தழைவு. நான் அதைப் பார்த்து எத்தனையோ தடவை ‘சனியன், பாம்பு வரும், ஆளை விட்டு வெட்டணும்’ என்று நினைத்திருக்கிறேன்.

“மூணு ஏக்கர் இருக்குமா?” என்றார்.

“இருக்கும்.”

“என்னோட பன்னெண்டு ஸ்டாப்பும் கொஞ்ச நாள் டிப்போவுல நிக்கட்டும் சகல.”

“எடுத்துக்குங்க. ஆனா சாணி எனக்கு.”

“சாணி நிலத்துக்கு.”

“என் நிலம்தானே?”

“அப்ப ஒங்களுக்குத்தான்” என்றார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்குத் தெருமுனையில் விசில் கேட்டது. கடையில் நல்ல கூட்டம். அதே விசில், அதே நேரம். எட்டிப் பார்த்தால் மேனேஜர் முன்னால் வருகிறது. பின்னால் எட்டு மாடு, ஒரே வரிசை. வழியில் ஸ்கூட்டர்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஒதுங்கினார்கள். மேனேஜர் என் கடைக்கு நேராக வந்து நின்று, அடுக்கி வைத்த மூட்டைகளைப் பார்த்து ஒரு கத்து கத்தியது பாருங்கள்! அந்தக் கோழிப் பண்ணைக்காரர் எங்கிருந்துதான் வருவாரோ, அன்றைக்கும் நின்றார். “அண்ணே, மூட்டைய வேணாம்னு சொன்ன மாடுங்க இதுங்கதானே? மனசு மாறி நேர்லயே வந்துடுச்சு போல” என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். வேறு வழி?

அதற்குள் கொழுந்தியாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். “என்ன நடக்குது இங்க? மூட்டை வாங்கினீங்களா?”

“வாங்கல” என்றார் சகலை. “மூட்டை ஒன் வாசப்படி ஏறக் கூடாதுன்னுதான் சொன்ன. மாடு கடை வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லல.”

அவள் என்னைப் பார்த்தாள். “அத்தான், நீங்களுமா?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா. என் புல்ல வெட்டக் கூலியில்லாம ஒம்பது ஆள் கெடச்சுது.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தேன். சிரிப்புத்தான்.

என் நிலத்தை அவர் சின்னச் சின்ன வரிகளாகப் பிரித்தார். இந்தத் தடவை பலகை இல்லை, டைம் டேபிள் இல்லை. முதல் நாளே வாட்சைக் கழற்றித் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டாராம். அதற்குப் பதிலாக அவருடைய ரப்பர் பூட்ஸில் இரண்டு கோடு போட்டார். கெண்டைக்காலில் ஒரு பச்சைக் கோடு, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புக் கோடு. புல்லுக்குள் நடந்து போவார். புல் பச்சையைத் தொட்டால் மாட்டை உள்ளே விடலாம். மேய்ந்து சிவப்புக்கு வந்தால் அந்த நிமிஷமே வெளியே. ஒரு நாளானாலும் சரி, மூன்று நாளானாலும் சரி.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற புல்லைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. “இன்னும் ஒரு நாள் மேயுமே, எதுக்கு வீணாக்கறீங்க?” என்பேன். தட்டில் மிச்சம் வைத்தால் அடி வாங்கி வளர்ந்தவன் நான்.

“அது மாட்டோட சாப்பாடு இல்ல சகல, புல்லோட சாப்பாடு” என்பார். “அதையும் தின்னுட்டா புல்லு எத வெச்சு எந்திரிக்கும்?”

பதினாலாம் நாள் மழை வந்தது. நல்ல மழை. என் கடைத் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. என் சகலை நடுநிலத்தில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். நான் ஷட்டரிலிருந்து, “உள்ள வாங்க, காய்ச்சல் வரும்” என்று கத்தினேன். அவர் காலைத் தூக்கி, பூட்ஸில் இருந்த பச்சைக் கோட்டைக் காட்டினார்.

வருஷம் முடிந்த அன்று வியாபாரி வண்டியோடு வந்தார். கொழுந்தியாள் அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். கிட்டத்தட்ட மூன்று வாரம் மாட்டுக் கால் படாத பன்னிரண்டு ஸ்டாப்பும், மழைக்குப் பிறகு ஒரே பச்சை. ஆனாலும் இன்னும் கோட்டைத் தொடவில்லை. மாடுகள் என் நிலத்தில் கடைசி வரியில் மேய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் பால் முப்பத்து நாலு லிட்டர்.

“என்னம்மா, ஏத்தட்டுமா?” என்றார் வியாபாரி.

“டீ குடிச்சுட்டுப் போங்க அண்ணே.”

“அப்ப இன்னொரு நாள் வரட்டுமா?”

“வாங்களேன். டீ எப்பவும் இருக்கும்.”

இது எல்லாருக்கும் ஆகுமா என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். தீவனக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். கால் ஏக்கரில் பத்து மாடு கட்டியிருக்கிறவருக்கு ஆகாது. அவர் என் கடைக்கே வரட்டும். நிலம் கொஞ்சம் வேண்டும், மாடு மேய்கிற துண்டுவரைக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், கோடைக்கென்று ஒதுக்கி வைத்த புல் வேண்டும். பால் குறையும், அதைப் பார்த்துப் பயப்படாத வீட்டுக்காரி வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஆகும். என் சகலைக்கு ஆனது. இப்போது எங்கள் பக்கம் பதினோரு வீட்டில் கம்பி கட்டியிருக்கிறார்கள். என் கடையில் மூட்டை குறைந்து, குச்சியும் கம்பியும் கூடியிருக்கிறது. குடோன் நிலம் இன்னும் குடோன் ஆகவில்லை. அதற்குப் ‘பதிமூணாவது ஸ்டாப்’ என்று ஊரே பேர் வைத்துவிட்டது. வெயில் வந்தால் மாடு வரும், நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேனேஜருக்கு வயசாகிவிட்டது. ஜன்னலுக்குள் தலையை விட்டு என் நோட்டை நக்குகிறது.

‘வந்த நேரம் காலை 10.40’ என்ற அந்தச் சீட்டு மேஜைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது. என்றைக்காவது அதைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் அங்கே வைத்திருக்கிறேன். ஒரு தடவை குனிந்து படித்தார். “என் வாட்ச் அப்ப ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட். 10.38ன்னு திருத்திக்குங்க” என்றார். இந்த ஆளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

நேற்று சாயங்காலம் வந்தார். மகளுக்குப் பிரசவம், முதல் பிள்ளை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இன்றைக்கு ஊருக்குப் போகிறார்கள், திரும்ப ஒரு மாதம் ஆகும். கறக்க ஆள் சொல்லியாகிவிட்டது. மாட்டை ஸ்டாப் ஸ்டாப்பாக மாற்றுவதுதான் மிச்ச வேலை. அதை யாரிடம் விடுவது என்று கொழுந்தியாள் கேட்டிருக்கிறாள். இவர் யோசிக்காமல் என்னைச் சொன்னாராம். அவள் மறுபேச்சே பேசவில்லையாம்.

கையில் ஒரு பை. உள்ளே புது ரப்பர் பூட்ஸ். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, இரண்டும் அவர் கையால் போட்டது. உயரம் தரையிலிருந்து அளந்தது, பூட்ஸ் என் கால் அளவுக்கு வாங்கியது. போட்டுப் பார்த்தேன். கச்சிதம்.

“என் கால் அளவு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எத்தன வருஷமா எங்க வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டி விடறீங்க.”

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த விசிலை எடுத்தார். துடைத்து என் கையில் வைத்தார். ஷட்டர்வரைக்கும் போனவர் திரும்பி நின்று, என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சகல, நாளைக்குச் சரிவுக்குப் போகும்போது அந்த வாட்சக் கழட்டி வெச்சுட்டுப் போங்க.”